ஏழு டன் சாமி

“அந்த ஆக்சிலைக் கீழ இறக்குங்க.”

பவதாரிணி இப்படிச் சொன்னதும் ஆபீசில் காற்றாடி மட்டும்தான் அசைந்தது. மேனேஜர் முத்துக்கருப்பன் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாசை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். பைக் சாவியால் காது குடைந்துகொண்டிருந்த முதலாளி அழகுபாண்டி, சாவியைக் காதிலேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்துக்கொண்டார். சாவி கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கியது.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முத்துக்கருப்பன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“இந்தா பாரும்மா. லீவு கேளு, சம்பள உயர்வு கேளு, ஏசி வேணும்னு கேளு. கிடைக்காது. ஆனா கேக்குறதுல தப்பில்ல. அந்தப் பதினாலு சக்கர வண்டியில நடு ஆக்சில் இருக்கு பாரு, அதை இறக்கணும்னு மட்டும் எந்தக் காலத்துலயும் வாயத் தொறந்துறாத.”

அன்றைக்குத் தலையாட்டினாள். எட்டு நாள் ஆட்டினாள். ஒன்பதாவது நாள் அந்தத் தலை ஆட மறுத்துவிட்டது.

அவளை அங்கே வேலைக்கு எடுத்ததே ஒரு கையெழுத்துக்காகத்தான். அவனியாபுரம் பைபாஸை ஒட்டிய அழகுபாண்டியின் யார்டில் இருந்து பாய்லர், கிரஷர், இரும்புத் தூண் என்று கனத்த சரக்காகத்தான் போகும். இந்த முறை கிடைத்திருந்தது ஒரு டிரான்ஸ்பார்மர். தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கி, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சோலார் கம்பெனிக்குப் போக வேண்டியது. எடை இருபத்தொன்பது டன். எந்த ஆக்சில், அதாவது எந்தச் சக்கர அச்சு, எத்தனை டன் சுமக்கப்போகிறது என்று ஒரு இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட சார்ட் வராமல் சரக்கைத் தொட விடமாட்டோம் என்று கம்பெனி மெயில் அனுப்பிவிட்டது. ஆக, ஆபீசுக்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. கையெழுத்தோடு சேர்ந்து ஒரு பெண்ணும் வந்துவிட்டாள். அதுதான் கோளாறு.

பவதாரிணி படித்தது மெக்கானிக்கல். அவளுக்கு முன்னால் அவள் வீட்டில் கல்லூரி வாசலைக் கண்டவர்கள் கிடையாது. அம்மா சோணையம்மாள் சிம்மக்கல் மண்டியில் மூட்டை சுமக்கிறாள். பட்டம் வாங்கியபின் ஒன்றரை வருஷம் காளவாசல் ஜெராக்ஸ் கடையில் நின்று, ஊரார் டிகிரி சர்டிபிகேட்டுகளை எல்லாம் நகலெடுத்துக் கொடுத்தவளுக்கு, தன் சர்டிபிகேட்டைக் கேட்ட முதல் ஆபீஸ் இது. “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடி. உனக்கு நாக்கு நீளம்” என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். நாக்கு நீளம் என்பது உண்மை. ஆனால் அவள் அதை எட்டு நாள் மடித்துத்தான் வைத்திருந்தாள்.

அவள் வருவதற்கு முன்னால் எந்த லோடுக்கு எந்த வண்டி, எத்தனை ஆக்சில் என்பதை அந்த ஆபீசில் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சின்ன வண்டி. சிவப்பு வந்தால் பெரிய வண்டி. ஒருமுறை பொரி மூட்டைக்குச் சிவப்பு வந்து, பதினாறு சக்கர வண்டி பரமக்குடிக்குப் பொரி கொண்டுபோய், தெருவுக்குள் திரும்ப முடியாமல் இரண்டு நாள் நின்றது. அதே வாரம் இரும்புக் கம்பிக்கு வெள்ளை வந்து, பத்து சக்கர வண்டி திருமங்கலத்தில் படுத்தே விட்டது. இரண்டையும் ஆபீசில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. “பொரி பத்திரமாப் போயிருச்சுல்ல?” என்றார்கள்.

பவதாரிணி இருபத்தொன்பது டன்னுக்குப் பதினாறு சக்கர வண்டிதான் சரி என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தாள். அந்த வண்டி வராது என்றார்கள். அதன் டிரைவர் ஊரில் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருக்கிறது, அவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது. வேறு டிரைவர் எடுக்கலாமே என்றாள். காப்பு வண்டிக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறது, ஸ்டியரிங்கில் மஞ்சள் துணி தொங்குகிறது, போய்ப் பார் என்றார்கள். போய்ப் பார்த்தாள். தொங்கியது.

மிச்சம் இருந்தது பதினாலு சக்கர வண்டி. ஐந்து ஆக்சில். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் ஒன்று. அந்த நடு ஆக்சில் தூக்கி இறக்குகிற வகை. வெறும் வண்டியாக ஓடும்போது டயர் தேயாமல் மேலே தூக்கிக்கொள்ளலாம். லோடு ஏறினால் இறக்கிவிட வேண்டும். அந்த ஆக்சில் பிறந்ததே அதற்காகத்தான்.

இந்த ஆக்சிலுக்கு மட்டும் வேறு பிழைப்பு அமைந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டி புதிதாக வந்த அன்று, பூஜை போட்டுச் சக்கரத்துக்கு ஒன்றாகப் பதினாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நகர்ந்தது. பன்னிரண்டு பழம் நசுங்கியது. நடு ஆக்சில் தூக்கியிருந்ததால் அதன் அடியில் இருந்த இரண்டு பழமும் அப்படியே இருந்தன. வண்டிக் கம்பெனியில் இருந்து வந்தபோதே அது தூக்கித்தான் இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. பழம் இரண்டும் குண்டு குண்டாக உட்கார்ந்திருந்ததைத்தான் கவனித்தார்கள். டிரைவர் மலைச்சாமிக்கு அங்கேயே அருள் வந்தது. “இந்த ரெண்டும் என் காலுடா! என் கால் தரையில படக்கூடாதுடா!” என்று ஆடிவிட்டார். அன்று தூக்கிய கால் இன்றுவரை இறங்கவில்லை.

ஆக்சிலுக்குப் பட்டு கட்டினார்கள். சந்தனம், குங்குமம், மாலை. செவ்வாய், வெள்ளி பொங்கல். வழியில் ஊர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டினார்கள். நாலு தொட்டிலோடு ஒருமுறை டோல்கேட்டைத் தாண்டியிருக்கிறது வண்டி.

“சாமிய இறக்கச் சொல்றியே தாயி” என்றார் அழகுபாண்டி, சாவியைக் காதில் இருந்து எடுத்துவிட்டு. குரலில் கோபம் இல்லை. துக்க வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

“சார், வண்டி எடை பதிமூணு டன். டிரான்ஸ்பார்மர் இருபத்தொம்பது. மொத்தம் நாப்பத்திரண்டு. முன்னாடி ரெண்டு ஆக்சில் பதினாலு டன் தாங்கும். பின்னாடி ரெண்டு இருபத்தொண்ணு. மீதி ஏழு டன் இருக்கே, அதை யாரு சுமப்பா?”

“சாமி சுமக்கும்.”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன். இறக்குங்க, சுமக்கட்டும்.”

“எம்மா, சாமி சுமக்கும்னா இப்படியா சுமக்கும்? மேல இருந்துதேன் சுமக்கும். கீழ இறங்கிச் சுமந்தா அதுக்குப் பேரு சாமியா? கூலிக்காரன்.”

பவதாரிணிக்கு மடித்து வைத்த நாக்கு நிமிர்ந்துகொண்டது.

“சுமக்குறவன் கூலிக்காரன். சுமக்காம மாலை போட்டுக்கிட்டுத் தொங்குறவன் சாமி. நல்லா இருக்கு சார் உங்க இன்ஜினியரிங்.”

“முத்துக்கருப்பா, நீ இந்தப் புள்ளைகிட்ட முதல்லயே சொல்லலையா?”

“சொன்னேண்ணே. தலையெல்லாம் ஆட்டுச்சு.”

வாசலில் மலைச்சாமி விபூதித் தட்டோடு நின்றிருந்தார். சோணையம்மாளின் ஊர்க்காரர், பவதாரிணிக்குச் சித்தப்பா முறை. இருபது வருஷம் அந்த யார்டில் வண்டி ஓட்டியவர். அதில் முதல் பதினெட்டு வருஷமும் அவர் கையால் ஒரு தீப்பெட்டிகூட வாங்காத அழகுபாண்டி, இந்த இரண்டு வருஷமாகக் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து அவர் கையால் விபூதி பூசிக்கொள்கிறார். ஆக்சில் தொங்குகிற வரைக்கும்தான் இது நடக்கும் என்று மலைச்சாமிக்குத் தெரியும். பவதாரிணிக்கும் தெரியும். அதனாலேயே அவரிடம் பேசுவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“சித்தப்பா, லோடோட போறப்ப பின்னாடி சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்பு சுடுதா இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

“சுடும் தாயி. ரெண்டு வாட்டி பொகைஞ்சுச்சு. சாம்பிராணின்னு நெனச்சேன்.”

“அது கிரீஸ் எரியுற புகை.”

“தெரியும்” என்றார் மலைச்சாமி மெதுவாக. “ஆனா அதை இறக்கிட்டா நான் வெறும் டிரைவருதான?”

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. சோலார் கம்பெனியின் இன்ஜினியர் ரோகிணி. குரலை வைத்துப் பார்த்தால் அவளுக்கும் இவள் வயசுதான் இருக்கும்.

“மேடம், சார்ட் நாலு மணிக்குள்ள வரணும். வரலைன்னா நாங்க வேற டிரான்ஸ்போர்ட் பார்த்துக்குறோம். உங்க பேரும் கையெழுத்தும் தெளிவா இருக்கணும். ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க, அதுக்குத்தான்.”

“முதல்ல என்னைத்தானா?”

“முதல்லயும் உங்களத்தான், கடைசியிலயும் உங்களத்தான்.”

போனை வைத்தபோது மணி இரண்டு. அழகுபாண்டி நாற்காலியில் நிமிர்ந்தார்.

“சரி. சண்டை எதுக்கு? சாமிகிட்டயே கேட்டுருவோம். சிவப்பு வந்தா இறக்குவோம். வெள்ளை வந்தா நீ வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு.”

“நான் பூவுக்கெல்லாம் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“நீ போட வேணாம், சாமி போடும்” என்றார் முத்துக்கருப்பன். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதி தெரிந்தது.

பொட்டலம் மடித்தார்கள். மலைச்சாமி கண்ணை மூடி எடுத்தார். பிரித்தார்கள். சிவப்பு.

முத்துக்கருப்பனின் நிம்மதி போன இடம் தெரியவில்லை. “மடிச்சது சரியில்லண்ணே. காத்தாடிக் காத்துல உருண்டிருச்சு” என்றார். காற்றாடியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார்கள். சிவப்பு. “தட்டு கோணலா இருந்துச்சு” என்றார். தட்டை மாற்றினார்கள். மூன்றாவது தடவையும் சிவப்பு வந்ததும், அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு அமாவாசைண்ணே, நாளைக்கு இறக்கலாமே” என்றார்.

“சாமி மூணு வாட்டி சொல்லிருச்சு. நீ யாருய்யா அமாவாசை பாக்குறது?” என்று எழுந்துவிட்டார் அழகுபாண்டி.

யார்டே கூடிவிட்டது. தேங்காய் உடைத்தார்கள். மலைச்சாமி காலைக் கழுவிக்கொண்டு கேபினில் ஏறினார். ஏறும்போது பவதாரிணியை ஒரு பார்வை பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். சுவிட்சைத் தட்டினார். காற்றுப் பை புஸ்ஸென்று மூச்சு விட்டது. இரண்டு வருஷம் தொங்கிய ஆக்சில் பட்டும் மாலையும் சந்தனமுமாக, முதல் தடவையாகத் தரையை நோக்கி இறங்கியது. அழகுபாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தரையைத் தொட்டதும், நொறுக்கென்று ஒரு சத்தம்.

ஒரு டயர் தரையில் படுகிற சத்தம் அப்படி இருக்காது. பவதாரிணி போய்ப் பட்டைத் தூக்கிப் பார்த்தாள். டயர் இல்லை. டயர் மாட்டுகிற வட்டும் இல்லை. வெறும் ஹப்புதான் இருந்தது. அதைச் சுற்றி, கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் ஒன்று நசுங்கிக் கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு பஞ்சாரம், அந்தப் பக்கம் ஒரு பஞ்சாரம். உருண்டையாகத் தெரிய வேண்டும் என்று யாரோ பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. பட்டின் மேல் இருந்து பார்த்தால் அசல் டயர்.

எல்லோர் கண்ணும், சொல்லி வைத்த மாதிரி, பக்கத்தில் நின்ற தண்ணீர் லாரிக்குப் போனது. அது மருதுவின் லாரி. மருது, முதலாளியம்மா கனகலட்சுமியின் கூடப் பிறந்த தம்பி. லாரியின் முன் சக்கரம் இரண்டிலும் புத்தம் புது டயர். டயரில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமப் பொட்டு. அதைக்கூடக் கழுவாமல் மாட்டியிருந்தான்.

முத்துக்கருப்பன் வானத்தைப் பார்த்தார். பஞ்சாரம் யார் வீட்டுப் பஞ்சாரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“யாரு சார் கழட்டினது?” என்றாள் பவதாரிணி.

அழகுபாண்டி தண்ணீர் லாரியைப் பார்த்தார். வீட்டை நினைத்தார். கனகலட்சுமியிடம் உன் தம்பி டயர் திருடன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியுமா என்று யோசித்திருக்க வேண்டும். அப்புறம் அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“அடேய்! சாமி சிவப்பு குடுத்துச்சா? இறங்குறேன்னு சொல்லுச்சா? அது எப்பவோ இறங்கிருச்சுடா! தண்ணி லாரியில இறங்கி ஓடிக்கிட்டு இருக்கு! ஊருக்குத் தண்ணி குடுக்குதுடா என் சாமி!”

“அதேண்ணே! அதேன்!” என்று முத்துக்கருப்பன் பாய்ந்து வந்து, தண்ணீர் லாரியின் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னாலேயே இன்னும் நாலு பேர் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தன் நசுங்கிய பஞ்சாரத்தில் இருந்து ஒரு குச்சியைப் பிரசாதமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

“அப்புறம் என்ன தாயி” என்றார் அழகுபாண்டி. “சார்ட்டுல பதினாலுன்னே போட்டுரு. பன்னெண்டு இந்த வண்டியில, ரெண்டு அந்த வண்டியில. இது முன்னாடி போகட்டும், தண்ணி லாரி ஒட்டுனாப்புல பின்னாடியே வரட்டும். மொத்தம் எண்ணிப் பாரு, கணக்குச் சரியா வருதா இல்லையா?”

“பின்னாடி வர்ற லாரி, முன்னாடி போற லாரியோட ஏழு டன்னை எப்படி சார் சுமக்கும்?”

அழகுபாண்டி உண்மையாகவே யோசித்தார். “கயிறு கட்டிக்கலாம்” என்றார்.

“கயிறு பத்தாதுண்ணே, சங்கிலி கட்டணும்” என்றார் முத்துக்கருப்பன்.

“சாமிய சங்கிலியில கட்டுவியா? புத்தி இருக்கா? மஞ்சக் கயிறு வாங்கிட்டு வா.”

“எம்புட்டு நீளம்ணே?”

“அதை இன்ஜினியர்கிட்ட கேளு. எதுக்கு சம்பளம் குடுக்குறோம்?” அவர் அவளிடம் திரும்பினார். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. “இங்க பாரு. மச்சினன் விசயம், வெளிய போகக் கூடாது. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா உனக்கு வேலை நிரந்தரம். ஒங்க ஆத்தா மூட்டை தூக்க வேணாம். போடலையா, நாளைக்கு வராத. மதுரையில எந்த டிரான்ஸ்போர்ட்டுலயும் உனக்கு வேலை கிடையாது. நான் எல்லாத்தையும் ஒரு போன்ல முடிச்சிருவேன்.”

அவர் சொன்னால் செய்வார். அது அவளுக்குத் தெரியும். மறுபடியும் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்கிற காட்சி கண்ணில் வந்தது. மண்டியில் அம்மா தலையில் சும்மாடு வைத்துக் குனிகிற காட்சியும் வந்தது. இரண்டு காட்சியும் அவளைக் கோபப்படுத்தின. ஆனால் இந்தத் தடவை கோபம் கத்தச் சொல்லவில்லை.

கேபினில் இருந்து இறங்கிய மலைச்சாமி அவள் பக்கத்தில் வந்து நின்றார். தட்டு கையில் இல்லை. எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

“தாயி, எனக்குப் படிக்கத் தெரியாது. சார்ட்டுன்னா என்னன்னும் தெரியாது. நீ கையெழுத்துப் போட்டா நான் வண்டிய எடுப்பேன். போடப் போறியா?”

“போடப் போறேன் சித்தப்பா.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“ஆனா நீங்க வண்டிய எடுக்க வேண்டாம்” என்றாள்.

அவர் இடுப்பில் இருந்த வண்டிச் சாவியை எடுத்து, டீசல் டேங்க் மூடி மேல் வைத்தார்.

அவள் ஆபீசுக்குள் போனாள். வெளியே மஞ்சள் கயிறா, பச்சைக் கயிறா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாளாக மேஜையில் கிடந்த சார்ட்டை எடுத்து, அச்சடித்திருந்த ‘ஆக்சில்: ஐந்து’ என்பதை அடித்துவிட்டு ‘நான்கு’ என்று எழுதினாள். மொத்தம் தாங்கும் எடை முப்பத்தைந்து. வண்டி எடை பதிமூன்று. ஏற்றக்கூடியது இருபத்திரண்டு. ஏற்றச் சொல்வது இருபத்தொன்பது. அதன் கீழே, ‘நடு ஆக்சிலில் டயர் இல்லை. இரண்டு பஞ்சாரம் இருந்தது. அதுவும் நசுங்கிவிட்டது. இந்த வண்டியில் இந்தச் சரக்கை ஏற்றக் கூடாது’ என்று எழுதினாள். கம்பெனிக்காரர்களுக்குப் பஞ்சாரம் என்றால் புரியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ரோகிணிக்குப் புரியும், மதுரைப் பக்கத்துக் குரல்தான் அது என்று விட்டுவிட்டாள். முழுப் பெயரை எழுதி, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள். போனில் படம் பிடித்து ரோகிணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். விழுந்தது. மணி மூன்று பத்து.

அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அழகுபாண்டி இரண்டு லாரிக்கும் நடுவில் நின்று காலடி வைத்து நீளம் அளந்துகொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போட்டாச்சா தாயி?”

“போட்டாச்சு சார்.”

“அனுப்பியாச்சா?”

“அனுப்பியாச்சு.”

“பாத்தியாய்யா முத்துக்கருப்பா, புள்ளைக்குக் கோவம் வந்தாலும் வேலையில சுத்தம்!” என்றவர், அவள் தோளில் பையைப் பார்த்துவிட்டு, “எங்க கெளம்பிட்ட? கயிறு எத்தனை அடின்னு சொல்லிட்டுப் போ” என்றார்.

அவள் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தண்ணீர் லாரியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். உள்ளே ஆபீஸ் போன் அடிக்கத் தொடங்கியது.